தூக்கம் கெட்டால் சுகரும் பிரஷரும் ஏன் அடங்குவதில்லை?

சுகர் மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறார். இனிப்பை விட்டுப் பல ஆண்டுகளாகிறது. காலையில் நடக்கவும் செய்கிறார். ஆனாலும் வெறும் வயிற்றில் எடுக்கும் சுகர் 150-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. பிரஷருக்கு இரண்டாவது மாத்திரை சேர்ந்து, இப்போது மூன்றாவதும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், நடையைப் பற்றிக் கேட்பார்கள், மாத்திரையை மறந்தாரா என்றும் கேட்பார்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், குறட்டை விடுகிறாரா, எத்தனை முறை எழுந்து போகிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டிருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்திருக்கலாம்.

இதய நலத்துக்கான அடிப்படைப் பட்டியலில் அமெரிக்க இதய சங்கம் 2022-ல்தான் தூக்கத்தைச் சேர்த்தது. அதுவரை உணவு, உடலுழைப்பு, புகையிலை, எடை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என ஏழு இருந்தன. தூக்கம் எட்டாவதாக வந்தது. பெரியவர்களுக்கு இரவில் 7 முதல் 9 மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் எழுதப்படும் மருந்துச் சீட்டில் தூக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது சரியல்ல.

அதற்காக, 'நன்றாகத் தூங்குங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவதும் பயன் தராது. தூக்கம் எல்லோருக்கும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. ஒருவர் படுக்கவே நேரமில்லாமல் ஐந்து மணி நேரத்தில் எழுகிறார். ஒருவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் மூச்சு அடைத்து அடைத்து விழிக்கிறார். இன்னொருவர் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறார். வேறொருவருக்குப் படுத்தால் தூக்கமே வருவதில்லை. இந்த நான்கு பேருக்கும் வழி வேறு வேறு. ஒருவருக்கு நல்லதாக அமைவது மற்றவருக்குக் கெடுதலாகவே முடியலாம். குறட்டையோடு மூச்சு நின்றுபோகிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது அப்படிப்பட்ட கெடுதல்.

இரவில் உடம்பு செய்யும் வேலை

நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். பகலில் மேல் அளவு 130 இருப்பவருக்கு இரவில் 104 முதல் 117 வரை வரவேண்டும். நாடித்துடிப்பும் குறையும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் தினமும் கிடைக்கும் நீண்ட ஓய்வு இதுதான். சிலருக்கு இந்த இறக்கம் வருவதில்லை. சிலருக்கு இரவில் ஏறவே செய்கிறது. அப்படி ஓய்வின்றி ஓடும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. சிறுநீரகமும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அடி வாங்குகின்றன. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கணிப்பதில் மருத்துவமனையில் பகலில் எடுக்கும் அளவைவிட இரவு அளவு கூடுதலாக உதவுகிறது.

பகலில் பத்து மணிக்குக் கிளினிக்கில் எடுத்த அளவு இந்தக் கோளாறைக் காட்டாது. அதற்கு 24 மணி நேரம் கையில் கட்டிக்கொள்ளும் பிரஷர் கருவி இருக்கிறது. பகலிலும் இரவிலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானே அளந்து பதிந்துகொள்ளும். இரவுச் சராசரி 120/70-ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம்தான், பகல் அளவு எவ்வளவு அழகாக இருந்தாலும். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள் இந்தச் சோதனையை அவசியம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரையின் கணக்கு இன்னும் நுட்பமானது. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அப்போது மூளை குறைந்த குளுக்கோஸை எரிக்கும், அட்ரினலின் வகை நரம்புகளின் முடுக்கம் தணியும், கார்டிசால் என்னும் ஹார்மோன் நாளிலேயே மிகத் தாழ்ந்த அளவில் இருக்கும். விடியலை ஒட்டி கார்டிசால் மெல்ல ஏறும். எழுந்து நடமாடத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல் ரத்தத்தில் விடும். தூக்கத்தைக் குறைத்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. மாலையில் இறங்கவேண்டிய கார்டிசால் இறங்காமல் நிற்கிறது. நரம்பு முடுக்கம் தொடர்வதால் கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கசிகின்றன. அவை தசைகளை இன்சுலினுக்கு மந்தமாக்குகின்றன. அதே அளவு சர்க்கரையை உள்ளே தள்ளக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கவேண்டி வருகிறது. இருபது வயதில் கணையம் அதைச் சமாளித்துவிடும். நாற்பதைத் தாண்டி, வயிற்றில் கொழுப்பும் குடும்பத்தில் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு அந்தக் கையிருப்பு குறைவு, சுகர் ஏறிவிடும்.

இது ஊகமில்லை, ஆய்வகத்தில் ஆட்களைப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்கள் ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டார்கள். பிறகு 12 மணி நேரம் படுக்கவிட்டு, இரண்டு நிலையையும் ஒப்பிட்டார்கள். தூக்கம் குறைந்தபோது ரத்தத்திலிருந்து சர்க்கரை அகலும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே வாரத்தில், ஒரு கிலோ எடைகூட ஏறவேண்டிய தேவையில்லாமல், இளைஞர்களின் உடம்பு சர்க்கரை நோயின் தொடக்க நிலையை நோக்கி நகர்ந்துவிட்டது.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு, 2008-ல் வந்தது, இன்னும் கவனிக்கத்தக்கது. ஒன்பது பேரைத் தூங்கவிட்டு, மூளை அலைப்பதிவில் ஆழ்ந்த தூக்கத்தின் அலை தொடங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் சத்தம் கொடுத்தார்கள். ஆள் விழித்துவிடாத அளவுக்கு, ஆழ்ந்த தூக்கம் மட்டும் கலையும் அளவுக்கு. மொத்தத் தூக்க நேரம் குறையவில்லை. மூன்றே இரவில் இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைக்கும் திறன் ஏறத்தாழ 25 சதவீதம் சரிந்தது. எட்டு மணி நேரம் படுத்தேன் என்ற கணக்கு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தெரு நாயும் லாரி ஹாரனும் கொசுவும் குறட்டையும் நம் வீடுகளில் இரவு முழுக்கச் செய்யும் வேலை கிட்டத்தட்ட இதே வேலைதான்.

டயட் இருந்தும் தொப்பை குறையாதது

தூக்கம் குறைந்தால் பசி கூடும். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைந்து, 'இன்னும்' என்று தூண்டும் கிரெலின் ஏறுவதைப் பல ஆய்வுகள் காட்டின; எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், மிக்சர், பிஸ்கட், பரோட்டா வகையில்.

எடை குறைக்க முயல்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஆய்வு 2010-ல் வந்தது. அதிக எடையுள்ள பத்துப் பேருக்குக் கலோரி குறைந்த உணவை 14 நாள் கொடுத்தார்கள். ஒரு தடவை எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு தடவை ஐந்தரை மணி நேரம். இரண்டு தடவையும் சுமார் மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. குறைவாகத் தூங்கியபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தசை. எடை இயந்திரம் ஒரே எண்ணைத்தான் காட்டும். உள்ளே கரைந்தது என்ன என்பதைத் தூக்கம் முடிவு செய்திருக்கிறது. உடம்பின் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடமே தசைதான். அதை இழந்து எடை குறைப்பவருக்குச் சுகர் எப்படி அடங்கும்?

எதிர்த்திசையில் பார்த்ததும் உண்டு. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், அதிக எடையுள்ள 80 பேரை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஒரு பாதிப் பேருக்குத் தூக்க நேரத்தை நீட்ட ஆலோசனை மட்டும் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். தினமும் உண்பது மற்றவர்களைவிட 270 கலோரி குறைந்தது. நான்கு இட்லிக்குக் கொஞ்சம் குறைவான அளவு, யாரும் வற்புறுத்தாமல்.

வாரம் முழுக்க விழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கி ஈடுகட்டலாம் என்பது பலருடைய நம்பிக்கை. கொலராடோவில் 2019-ல் இதைச் சோதித்தார்கள். வார இறுதியில் மட்டும் விரும்பிய அளவு தூங்கவிட்டு மீண்டும் ஐந்து மணி நேரத்துக்குக் கொண்டுவந்தபோது, இன்சுலின் செயல்பாடு மீளவில்லை; உடல் கடிகாரமும் தாமதமாகும் பக்கம் தள்ளிப்போயிருந்தது. அசதி தீரும், அது உண்மை. சர்க்கரைக் கணக்கு நேராவதில்லை. அதைவிடத் தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுப்பது மேல். அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தூக்க நேரம் நாளுக்கு நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏறி இறங்கியவர்களுக்கு, ஒழுங்காகத் தூங்கியவர்களைவிட இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தது.

ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களிடமும் இதய நோய் அதிகமாகக் காணப்படுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அலாரம் வைத்து எழவேண்டாம். நீண்ட தூக்கம் நோயைக் கொண்டுவருகிறது என்பதைவிட, உள்ளே இருக்கும் நோய்தான் (ரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, மூச்சடைப்பு) ஆளை நீண்ட நேரம் படுக்கவைக்கிறது என்று கொள்வதே பொருத்தம். காரணத்தைத் தேடவேண்டும்.

குறட்டைக்குப் பின்னால் நிற்கும் மூச்சு

மேலே சொன்னவற்றில் மிகவும் ஆபத்தானதும், மிகவும் கண்டுகொள்ளப்படாததும் இதுதான். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று வரும் இந்த நோயை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஏப்னியா' என்பார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உழைக்கும் வயதில் உள்ள சுமார் 10.4 கோடி இந்தியர்களுக்கு இது இருக்கிறது, அதில் 4.7 கோடிப் பேருக்கு நடுத்தரம் அல்லது கடுமையான நிலை. ஆனாலும் நம் வீடுகளில் குறட்டை இன்றும் கேலிக்குரிய விஷயமாகவோ 'அசந்து தூங்குகிறார்' என்பதன் அடையாளமாகவோதான் இருக்கிறது. உண்மையில் அவர் அசந்து தூங்கவே இல்லை.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கும், தாடை சிறுத்துப் பின்வாங்கியவருக்கும், நாக்கு பெரிதாக இருப்பவருக்கும் மூச்சுப் பாதை ஏற்கெனவே ஒடுக்கம். மூச்சை இழுக்கும்போது, நனைந்த காகித ஸ்ட்ராவை உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வதுபோலப் பாதை மூடிக்கொள்கிறது. பத்து வினாடிக்கு மேல் காற்று நின்றால் அது ஒரு மூச்சுத்தடை. அந்த நேரத்தில் மார்பு மூச்சுக்காக வலிந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் அளவு 97-லிருந்து 85, 80 என்று இறங்கும். மூளை பதறி ஆளைச் சில வினாடிகளுக்கு விழிக்கவைக்கிறது. ஒரு பெரிய சீறலோடு மூச்சு திறக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, பிரஷர் சட்டென்று எகிறுகிறது, நாடி துள்ளுகிறது. மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. விழித்தது அவருக்கு நினைவில் இருக்காது.

ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை என்பதை வைத்துத்தான் கடுமையை அளக்கிறார்கள். 5-க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத்தில் இருநூறு தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டிருக்கிறது. இரவு இறங்கவேண்டிய பிரஷர் இருநூறு தடவை ஏறியிருக்கிறது. விஸ்கான்சினில் 709 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 15 அல்லது அதற்கு மேல் தடைபட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மூடிய பாதைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது உருவாகும் உறிஞ்சுவிசை இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்களையும் இழுத்து விரிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் குழப்பம் இவர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலறை அப்படி விரிவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. மேலறை விரிவதை 'ரத்தத்தில் நீர் கூடிவிட்டது' என்று உடம்பு எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆகவே இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். சர்க்கரை நோயாளி இதைச் சுகர் என்று நினைப்பார்; அறுபது வயது ஆண் ப்ராஸ்டேட் என்று நினைப்பார். இரண்டுக்கும் சிகிச்சை எடுத்தும் எழுவது குறையவில்லை என்றால் மூச்சைப் பார்க்கவேண்டும்.

யாரைச் சந்தேகிக்க வேண்டும்? மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் குறட்டை, பகல் தூக்கம், பக்கத்தில் படுப்பவர் மூச்சு நிற்பதைக் கண்டது, உயர் ரத்த அழுத்தம், மிகை எடை, ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. டொராண்டோவில் உருவாக்கப்பட்டு 2008 முதல் உலகெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியல் இவைதான். மூன்று பொருந்தினால் சோதனை தேவை. ஐந்தோ அதற்கு மேலோ பொருந்தினால் தள்ளிப்போடவே கூடாது. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தப் பட்டியலில் மிகை எடைக்கு எல்லையாக வைத்த உடல் நிறை எண் (பிஎம்ஐ) 35. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது. எலும்பமைப்பும் வயிற்றுக் கொழுப்பும் காரணம். 'நான் அவ்வளவு குண்டு இல்லையே' என்று நம்மவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

பெண்களிடம் இது வேறு முகம் காட்டும். சத்தமான குறட்டைக்குப் பதிலாக ஓயாத அசதி, காலைத் தலைவலி, நடுநிசியில் விழிப்பு, எரிச்சல். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. கணவருடைய குறட்டையை மனைவி சொல்லிவிடுவார். மனைவியின் மூச்சைக் கவனித்துச் சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை. கடைசியில் படுத்து முதலில் எழுகிற அம்மாக்களின் அசதியை 'வயசாச்சு, வேலை ஜாஸ்தி' என்று ஒதுக்கிவிடுகிறோம். கர்ப்பிணிகளிடம் குறட்டை புதிதாகத் தொடங்கினாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லவேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரையோடும் பிரஷரோடும் அதற்குத் தொடர்புண்டு.

சோதனை இரண்டு விதம். மருத்துவமனையில் ஓரிரவு தங்கி மூளை அலை, கண் அசைவு, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பதிவது முழுச் சோதனை. மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி வீட்டிலேயே செய்வது சிறிய சோதனை. சந்தேகம் வலுவாக இருப்பவருக்கு வீட்டுச் சோதனையே போதும். ஆனால் அந்தக் கருவிக்கு ஆள் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று தெரியாது. படுத்திருந்த மொத்த நேரத்தால் வகுத்துவிடுவதால், எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரலாம். அறிகுறிகள் தெளிவாக இருந்தும் வீட்டுச் சோதனை 'இயல்பு' என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் முழுச் சோதனைக்குப் போகவேண்டும். செல்போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் காட்டும் 'ஆழ்ந்த தூக்க' எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்கவேண்டாம்.

மெஷின் மாட்டினால் போதுமா?

நடுத்தரம், கடுமையான நிலைகளுக்கு முதன்மைச் சிகிச்சை சிபாப் மெஷின். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். மாட்டிய முதல் வாரத்திலேயே பகல் தூக்கம் பலருக்கு விலகிவிடும்.

இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதில் நேர்மையாகப் பேசவேண்டும். இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், சிபாப் கொடுத்தும் அடுத்த மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் உள்ளவர்களை வைத்து ஸ்பெயினில் 2013-ல் நடந்த ஆய்வில் 24 மணி நேரச் சராசரி சுமார் 3 புள்ளி குறைந்தது; இரவு இறக்கமும் பலருக்குத் திரும்பியது. சுகரைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையாக இருக்கின்றன. ஆனால் சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களை ஆய்வகத்தில் தங்கவைத்து இரவு முழுக்க எட்டு மணி நேரம் மாட்டவைத்தபோது இரண்டு வாரத்தில் சர்க்கரைச் செயல்பாடு முன்னேறியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரவின் அமைப்பிலேயே இருக்கிறது. கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில், விடியலை ஒட்டி வருகிறது. அப்போது தொண்டைத் தசைகள் இன்னும் தளர்ந்திருக்கும்; தடைகள் நீளமாகவும் ஆக்சிஜன் இறக்கம் ஆழமாகவும் இருக்கும். பத்து மணிக்கு மாட்டிவிட்டு இரண்டு மணிக்குக் கழற்றி வைப்பவர், மிக மோசமான நேரத்தைப் பாதுகாப்பில்லாமல் கழிக்கிறார். இரவு 4 மணி நேரம் மாட்டினால் 'ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்' என்று பதியப்படும் வழக்கம் இருக்கிறது. அது காப்பீட்டுக் கணக்குக்குச் சரி, உடம்புக்குப் போதாது.

கழற்றிவிடுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை, சரிசெய்யக் கூடியவை. முகமூடி அளவு பொருந்தாமல் கண்ணுக்குள் காற்று அடிக்கும்: பட்டையை இறுக்குவதைவிட வேறு அளவு முகமூடி கேட்பது நல்லது. வாய் உலர்ந்து போனால் வாய் திறந்துகொள்கிறது என்று பொருள். தாடைப் பட்டையோ வாயையும் மூடும் முகமூடியோ தேவை. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்பவர்கள் அழுத்தம் மெல்ல ஏறும் அமைப்பை இயக்கச் சொல்லலாம். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் பயம் தெளியும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றவேண்டும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ஒரே மாதத்தில் தகட்டில் படிந்துவிடும். கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டர் இணைப்பை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மெஷினோடு எடையும் குறையவேண்டும். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடைகள் சுமார் கால் பங்கு குறையும். உடல் பருமனோடு நடுத்தரம் முதல் கடுமையான நிலை உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. மல்லாந்து படுத்தால் மட்டும் தடைபடுபவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய உதவி. லேசான நிலையில், கீழ்த்தாடையை முன்னுக்கு நிறுத்தும் பல் கருவியும் பயன்படும். இரவு மது அருந்துவதும் அல்ப்ரசோலம் வகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை விழிப்பதைத் தாமதப்படுத்தும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கித் தாமாகப் போட்டுக்கொள்பவர்கள் இதை மிகக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு

பாஸ்டனில் 2009-ல் பத்துப் பேரை மங்கிய ஒளியில் வைத்து, அவர்களின் நாளை 28 மணி நேரமாக்கினார்கள். உடல் கடிகாரத்துக்கு நேர்மாறான நேரத்தில் சாப்பிட்டுத் தூங்கியபோது சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் ஏறின. பிரஷரும் சற்று ஏறியது. இரவில் சுரக்கும் மெலடோனின் கணையத்தின் இன்சுலின் சுரப்பைத் தடுப்பது இதில் ஒரு பங்கு. சென்னை ஐடி அலுவலகங்களிலும் மில்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் இரவில் உழைப்பவர்கள் நடுநிசியில் சாப்பிடும் பிரியாணி, அதே பிரியாணியை மதியம் சாப்பிடுவதைவிடக் கூடுதலாகச் சுகரை ஏற்றும்.

இதற்கு ஒரு நடைமுறை வழியும் ஆய்வில் தெரியவந்தது. செயற்கையாக நைட் ஷிப்ட் செய்யவைத்த 19 பேரில், இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. ஆகவே ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஏழு, எட்டு மணிக்கு முழுச் சாப்பாடு. நள்ளிரவு முதல் ஆறு மணி வரை முடிந்தவரை தண்ணீர், மோர், தேவையென்றால் கைப்பிடி சுண்டல். வீடு திரும்பியதும் இலகுவான டிபன். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்காமல் இதைச் செய்யக்கூடாது, தாழ்சர்க்கரை வந்துவிடும். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, அறையில் கனத்த திரை. வாரம் மாறும் ஷிப்டானால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறுவது உடம்புக்கு எளிது. டூட்டி போடுபவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி இது.

பகல் வேலைக்காரர்களுக்கும் இரவுச் சாப்பாடு பற்றி ஒரு வரி: படுக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு முடித்துவிடுங்கள். படுக்கையறை விளக்கை அணைத்துவிடுங்கள்; 100 லக்ஸ் அளவு (சாதாரண அறை விளக்கு) வெளிச்சத்தில் ஓரிரவு தூங்கியதற்கே நாடித்துடிப்பும் காலை இன்சுலின் எதிர்ப்பும் கூடியதை 2022-ல் கண்டிருக்கிறார்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த காபிகூட, அளவு அதிகமானால், ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பறிக்கும்.

படுத்தும் தூக்கம் வராதவர்களுக்கு

இவர்களுக்குச் சீக்கிரம் படுக்கச் சொல்வது தவறான ஆலோசனை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையில்லாத நடத்தைப் பயிற்சி என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் அறிவித்தது. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதி, உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் என்றால் படுக்கையில் இருப்பதும் ஆறு மணி நேரம்தான்: பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழவேண்டும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகவேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமானால் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டுவார்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களும் வண்டி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதை முயலவேண்டாம்.

அடுத்த முறை சுகர், பிரஷர் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இரண்டு வாரமாகப் படுத்த நேரம், எழுந்த நேரம்; இரவில் எழுந்த தடவைகள்; குறட்டை, மூச்சு நிற்பது பற்றி வீட்டார் சொன்னது; பகலில் எந்தெந்த நேரம் கண் சொக்குகிறது; தூக்கத்துக்காகப் போடும் மாத்திரை, மது. வீட்டார் செல்போனில் ஐந்து நிமிடம் உங்கள் குறட்டையைப் பதிவு செய்து கொடுத்தால் அது பல கேள்விகளை மிச்சப்படுத்தும். வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் அயர்ந்தவர்கள் இரண்டு வாரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே சோதனைக்குப் போகவேண்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரவேண்டி வருபவர்களுக்கு இதயமே தளர்ந்திருக்கலாம். அவர்கள் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.